ஒரு சமக்குறியும் பதினொரு சப்-கிளாஸும்

ஒரே ஒரு வரி மாற்றம். கோட் ரிவ்யூவில், அதாவது அடுத்தவர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் இடத்தில், 'சரி' போட்டு அனுப்பியதும் நான்தான். மறுநாள் காலையில் வாடிக்கையாளருக்குப் போன நிலுவை அறிக்கையில் தலைப்பு இருந்தது, தேதி இருந்தது, பக்க எண்கூட இருந்தது. நடுவில்தான் ஒன்றுமே இல்லை.

நடந்தது இதுதான். எங்கள் அறிக்கை நிரல் ஜாவாவில் எழுதியது. அதன் ஒரு சப்-கிளாஸில் (தாய் கிளாஸ் எனும் அச்சிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சிலவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளும் சேய் அச்சு), அறிக்கையின் நெடுவரிசைகளை வைத்திருக்கும் லிஸ்ட் ஒன்று ஆரம்ப மதிப்பு எதுவும் இல்லாமல் சும்மா அறிவிக்கப்பட்டிருந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். என்றைக்காவது நல் பாயின்டர் பிழை, அதாவது மதிப்பே இல்லாத இடத்தைத் தொட்டு நிரல் விழுவது, வந்து நிற்குமே என்று, பக்கத்தில் ஒரு சமக்குறி போட்டு, புதிய காலி அரே-லிஸ்ட் ஒன்றைக் கொடுத்துவிட்டார். நல்ல பழக்கம்தானே? ரிவ்யூவில் பாராட்டி ஒரு வரி எழுதினேன் என்பதை இப்போது சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

"அக்கா, டெம்ப்ளேட் படிக்கிற மெத்தட் முடியும்போது லிஸ்ட்ல பதினாலு இருக்கு. பிரின்ட் பண்ற இடத்துக்கு வந்தா ஜீரோ. நடுவுல யாருமே தொடலை" என்றார். யாரோ எங்கேயோ கிளியர் அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் அப்படி ஒரு வரி அகப்படவில்லை. கடைசியில் டீபக்கரில் (நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் கருவி) அந்த ஃபீல்டின், அதாவது அந்த லிஸ்ட் மாறியின், மேலேயே வாட்ச்பாயின்ட் வைத்தோம். யார் அதில் எழுதினாலும் அங்கேயே நிற்க வேண்டும். இரண்டு முறை நின்றது. முதலில் டெம்ப்ளேட் படிக்கும் மெத்தட்டில் (நெடுவரிசைகளைப் படித்தெடுக்கும் செயல்பாடு). அது எதிர்பார்த்ததுதான். அடுத்து, தம்பி சமக்குறி போட்ட அந்த அறிவிப்பு வரியில்!

அறிவிப்பு வரி எப்படி இரண்டாவதாக ஓடும்? ஜாவாவில் அப்படித்தான் ஓடும். ஒரு சப்-கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்கும்போது முதலில் தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்டைத் தயார்படுத்தும் கோட், முழுதாக ஓடி முடியும். அதற்குப் பிறகுதான் சப்-கிளாஸின் ஃபீல்டுகளுக்கு நாம் எழுதிய ஆரம்ப மதிப்புகள் போய்ச் சேரும். எல்லா அறிக்கைகளுக்கும் தாயான எங்கள் பேஸ் ரிப்போர்ட் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரோ, டெம்ப்ளேட் படிக்கும் மெத்தட்டை அழைத்துக்கொண்டிருந்தது. சப்-கிளாஸ் அதை ஓவர்ரைடு செய்து, தன் சொந்த வடிவத்தை எழுதியிருந்ததால் ஓடியது சப்-கிளாஸின் மெத்தட். அது சமர்த்தாக 14 நெடுவரிசைகளையும் லிஸ்டில் வைத்தது. அப்புறம் ஆரம்ப மதிப்பின் முறை வந்தது. அது காலி லிஸ்டை வைத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

ஆரம்ப மதிப்பு இல்லாமல் விட்டிருந்தால் துடைக்க யாரும் இல்லை. அந்தத் தற்செயலின் மேல்தான் எட்டு வருடமாக அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது: ஃபீல்டை வெறுமனே விடுவதும், சமக்குறி போட்டு நல் என்று எழுதுவதும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஒன்றில்லை. எழுதினால் அதுவும் ஒரு துடைப்பம்தான்.

இதே கோடை வேறு மொழியில் எழுதியிருந்தால் கதையே வேறு. சி-ஷார்ப்பில் சப்-கிளாஸின் ஃபீல்டு மதிப்புகள் தாய் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே உட்கார்ந்துவிடும். அறிக்கை சரியாகவே வந்திருக்கும். சி++-இல் தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் ஆப்ஜெக்ட் தாயாகவே நடத்தப்படும். ஓவர்ரைடு செய்த மெத்தட்டுக்கு அழைப்பு போகவே போகாது. மூன்று மொழி, மூன்று நியாயம். அதனால் 'ஓ.ஓ.பி. (ஆப்ஜெக்டுகளை வைத்து நிரல் எழுதும் முறை) தெரியும்' என்று யாராவது சொன்னால், எந்த மொழியின் ஓ.ஓ.பி. என்று கேட்கத் தோன்றுகிறது.

டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். டெஸ்ட் இருந்தது. ஃபைல் உருவாகிறதா, அளவு பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று பார்த்தது. இரண்டுமே ஆம். அந்த டெஸ்டை எழுதியதும் நான்தான். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

அன்று சமக்குறியை எடுத்துவிட்டுத் தப்பித்தோம். ஆனால் மனசு ஆறவில்லை. பேஸ் ரிப்போர்ட்டைத் திறந்து உட்கார்ந்தேன். 1,800 வரி, 11 சப்-கிளாஸ், சில இடங்களில் நாலு தலைமுறை ஆழம். ஒவ்வொரு சப்-கிளாஸும் தாயிடமிருந்து எதில் மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பதினொன்றில் ஏழு, எந்த நெடுவரிசைகள், எந்த வரிசையில் அடுக்குவது என்பதில் மட்டுமே மாறின. அதாவது அவை கிளாஸே இல்லை, டேட்டா. இரண்டு, ஃபைலை எங்கே அனுப்புவது என்பதில் மாறின. அது அறிக்கையின் வேலையே இல்லை. மீதி இரண்டில்தான் உண்மையாகவே வேறு கணக்கு இருந்தது.

நான் அந்தக் கிளாஸை எழுதிய காலத்தில் இன்ஹெரிட்டன்ஸை, அதாவது தாயிடமிருந்து சேய் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை, தட்டச்சு மிச்சம் பிடிக்கும் கருவியாகத்தான் பார்த்தேன். பொதுவான கோட் இருக்கிறதா, மேலே தள்ளு. 'இது அதன் வகையா' என்ற கேள்வியைக் கேட்டதே இல்லை. ஆறுதலுக்கு ஒன்று சொல்கிறேன். ஜாவாவை உருவாக்கியவர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். ஜாவாவின் ஸ்டாக் (அடுக்கு), எந்த இடத்திலும் செருகக்கூடிய பட்டியலான வெக்டரின் சப்-கிளாஸ். விளைவு, மேலே வைத்து மேலேயே எடுக்க வேண்டிய அடுக்கின் நடுவில் யார் வேண்டுமானாலும் எதையும் செருகலாம். அமைப்புகளை வைத்திருக்கும் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸும், எதையும் ஏற்கும் ஹாஷ்டேபிளிலிருந்து பிறந்ததால், ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் எதையும் போடலாம். போடாதீர்கள் என்று ஆவணத்தில் கெஞ்சியிருக்கிறார்கள். முதல் பதிப்பிலேயே வந்துவிட்டதால், இதை நம்பி ஓடும் பழைய கோடை உடைக்காமல் இனி திருத்த வழியில்லை.

பேஸ் ரிப்போர்ட்டைப் பிரித்து எடுக்க ஆறு வாரம் ஆனது. ஒரே மூச்சில் இல்லை. வாரத்துக்கு இரண்டு சப்-கிளாஸ், இடையில் வழக்கமான வேலை. முதலில் 11 அறிக்கைகளின் இன்றைய வெளியீட்டையும் அப்படியே சேமித்து வைத்தோம். மாற்றத்துக்குப் பிறகு வரும் வெளியீடு அதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சரியோ தப்போ, இன்று என்ன வருகிறதோ அதுதான் அளவுகோல். பிறகு டெம்ப்ளேட் படிப்பதைத் தனிக் கிளாஸாக வெளியே எடுத்து, படித்து முடித்த நெடுவரிசைகளை அறிக்கையின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கையில் கொடுத்தோம். கன்ஸ்ட்ரக்டர் கொடுத்ததை வாங்கி வைக்கும், அவ்வளவுதான், யாரையும் அழைக்காது. அனுப்பும் வேலை ஒரு சின்ன இன்டர்ஃபேஸுக்கு (என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம்) பின்னால் போனது. இப்போது புதிதாக எழுதும் கிளாஸ்களில் முதல் வரியிலேயே ஃபைனல் போட்டுவிடுகிறேன், அதிலிருந்து யாரும் சப்-கிளாஸ் எடுக்க முடியாது. யாருக்காவது நீட்டிக்க வேண்டுமென்றால் வந்து கேட்கட்டும். இதுவரை இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் நான்.

மொழிகளும் இந்தப் பக்கமாகத்தான் நகர்கின்றன. காட்லினில் கிளாஸ் எழுதினாலே அது ஃபைனல். நீட்டிக்க விட வேண்டுமென்றால் நாமே திறந்துவிட வேண்டும். கோ மொழி 2009-இல் வெளிவந்தபோதே கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தது. ரஸ்டிலும் அது இல்லை. ஜாவாவும் 2025 செப்டம்பரில் வந்த 25-ஆம் பதிப்பில், சூப்பரை, அதாவது தாயின் கன்ஸ்ட்ரக்டரை, அழைப்பதற்கு முன்பே ஃபீல்டுக்கு மதிப்பு கொடுக்க அனுமதித்திருக்கிறது. எங்கள் பிழையை அது தடுத்திருக்காது. ஆனால் அதன் உடன்பிறப்பைத் தடுக்கும்: தாயின் கன்ஸ்ட்ரக்டர் அழைக்கும்போது சப்-கிளாஸின் ஃபீல்டு இன்னும் மதிப்பில்லாமல் (நல்) இருப்பது. 1996-இல் முதல் பதிப்பு வந்த மொழி, இதற்கு கிட்டத்தட்ட 30 வருடம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு அன்றாடம் அதிகம் கைகொடுப்பது இதைவிடச் சின்ன விஷயம்: ரெக்கார்டு, மதிப்புகளை மாற்றாமல் வைத்திருக்கும் சின்ன கிளாஸ். 2021-இல் ஜாவா 16-இல் நிலைபெற்றது. எங்களிடம் தொகை எல்லாம் பிக்-டெசிமலாக, அதாவது துல்லியமான தசம எண் வகையாக, திரிந்துகொண்டிருந்தது. அதில் 2.0-வும் 2.00-வும் ஈக்குவல்ஸ் வைத்துக் கேட்டால் சமமில்லை. கம்பேர்-டூ வைத்துக் கேட்டால் சமம். ஒரே மதிப்பை இரண்டு முறை வைக்காத ஹாஷ்-செட்டில் போட்டால் இரண்டு தனித்தனி ஆட்கள். ஒரே பில் இரண்டு முறை பட்டியலில் வந்ததற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மதியம் போயிற்று. இப்போது 'தொகை' என்று ஒரு ரெக்கார்டு. கன்ஸ்ட்ரக்டரிலேயே தசம இடங்களை இரண்டாக்கிவிடும், நாணயம் எது என்பதும் கூடவே இருக்கும். ஒரு நாணயத்தின் தொகையோடு இன்னொன்றைக் கூட்டப் போனால் அங்கேயே எக்ஸெப்ஷன் (பிழை). மொத்தம் சுமார் 20 வரி. நான் எழுதிய எந்த அப்ஸ்ட்ராக்ட் கிளாஸும் (தாயாக மட்டுமே இருக்கும் கிளாஸ்) இவ்வளவு பிழைகளைத் தடுத்ததில்லை.

சீல்டு இன்டர்ஃபேஸை, அதாவது எவையெல்லாம் அதன் வகைகள் என்று முன்பே பட்டியலிட்டு மூடிய இன்டர்ஃபேஸை, பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆம், பயன்படுத்துகிறோம், எல்லா இடத்திலும் இல்லை. கட்டணத்தின் நிலைகள் எங்களிடம் அப்போது மூன்றுதான். அது மூடிய பட்டியல். அதை சீல்டு ஆக்கி, ஜாவா 21-இன் ஸ்விட்சில் வகைவாரியாகப் பிரித்து எழுதினோம். நான்காவது நிலை வந்த அன்று, அதைக் கவனிக்காத ஐந்து இடங்களில் கம்பைலர் (கோடை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) கத்தியது. அத்தனையும் தேவையான கத்தல். ஆனால் பி.டி.எஃப்., எக்செல் போன்ற வெளியீட்டு வடிவங்கள் அப்படியில்லை. அடுத்து எது வரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே பழைய பாணி இன்டர்ஃபேஸும், ஒரே அழைப்புக்கு ஒவ்வொரு வகையும் தன் வழியில் பதில் சொல்லும் பாலிமார்ஃபிஸமும்தான். வகைகள் கூடுமா, செய்ய வேண்டிய வேலைகள் கூடுமா என்று பார்த்துத்தான் இதில் ஒன்றை எடுக்கிறேன்.

ஏ.ஐ. உதவியாளர்களையும் பயன்படுத்துகிறோம். தள்ளுபடி கணக்குக்கு ஒரு மெத்தட் கேட்டால் அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ், ஃபேக்டரி, மேனேஜர் என்று ஒரு குடும்பத்தையே கூட்டி வருவது அவற்றின் வழக்கம். எட்டு வருடத்துக்கு முந்தைய என்னை எதிரில் உட்காரவைத்ததுபோல் இருக்கும்.

பேஸ் ரிப்போர்ட் இன்னும் ரெப்போவில், அதாவது எங்கள் கோட் கிடங்கில், இருக்கிறது. இப்போது 340 வரி, இரண்டு சப்-கிளாஸ். அவற்றில் ஒன்று அந்த நிலுவை அறிக்கை. போன வாரம் தம்பி தன் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்டு ஒரு மெர்ஜ் ரிக்வெஸ்ட் அனுப்பினார். அதே லிஸ்ட், பக்கத்தில் மறுபடியும் அதே சமக்குறி. கன்ஸ்ட்ரக்டர் இப்போது யாரையும் அழைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் 'சரி' போடுவதற்கு முன் வாட்ச்பாயின்ட் வைத்து ஓடவிட்டேன். ஒரு முறைதான் நின்றது.