மரவீட்டுக்கு ஒரு ஷரத்து

“பத்திரம் உன் பெயரில்தானே இருக்கும்?” என்று அப்பா தொலைபேசியில் மூன்றாவது முறையாகக் கேட்டார். இருக்கும் என்றேன். “விற்கலாமா?” விற்கலாம். “பிறகு எதைத்தான்மா எழுதிக் கொடுக்கிறாய்?” வீடு கட்டும் உரிமையை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “மாப்பிள்ளைக்குத் தெரியுமா?” என்றார்.

மாப்பிள்ளைக்குத் தெரியும். ஆனால் முழுச் சம்மதம் வர ஏழெட்டு மாதங்கள் ஆயின.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் எங்களுக்கு 38 ஏக்கர் காடு இருக்கிறது. 2009இல் பழைய வீட்டோடு சேர்த்து வாங்கியது. ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலமாக இருந்ததற்கு அடையாளமாக, இப்போது யாருக்கும் வேலியாகப் பயன்படாத கற்சுவர்கள் மரங்களுக்கு நடுவே ஓடுகின்றன. கீழ்ச்சரிவில் ஓர் ஓடை. அது போய்ச் சேரும் ஆற்றை ஆங்கிலத்தில் ‘வேர்’ என்றே உச்சரிக்கிறார்கள். முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. அக்டோபர் நடுவிலிருந்து ஜூன் நடுவரை, ஓட்டம் போதுமானதாக இருந்தால், வேர் ஆற்றுத் தண்ணீரை குவாபின் நீர்த்தேக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். குவாபின்தான் பாஸ்டன் பெருநகரத்தின் முதன்மையான குடிநீர் ஆதாரம். அதற்காகவே 1938இல் நான்கு ஊர்களைச் சட்டப்படி கலைத்தார்கள். கிருமி நீக்கம் செய்வதோடு சரி, அந்தத் தண்ணீரை வடிகட்டுவதில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதியில் காடு இருக்கும்வரை அதற்கு அவசியமில்லை என்பது கணக்கு.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. 2016இல் பக்கத்து நிலம் கைமாறி ஐந்து மனைகளாகப் பிரிந்தது. அந்தக் கோடையில் ஓடை முதல் தடவையாக மண் கலங்கி, பால் விட்ட தேநீர் நிறத்தில் வந்தது. அதன் பிறகுதான் எங்கள் வட்டாரத்தின் நில அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினேன்.

அறக்கட்டளை என்றால் நன்கொடை வாங்கி நிலம் வாங்கும் அமைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அதையும் செய்கிறார்கள். இந்த மாநிலத்தில் அந்த வழக்கம் 1891இலேயே தொடங்கியது. ஆனால் எல்லா நிலத்தையும் விலைக்கு வாங்கி முடியாது. அதனால் இன்னொரு வழி: நிலம் உரிமையாளரிடமே இருக்கும். அதைக் கூறுபோடுவது, கட்டடம் எழுப்புவது, மண் எடுப்பது, குப்பை கொட்டுவது ஆகியவற்றை இனி எவரும் செய்ய முடியாது என்று ஒரு கட்டுப்பாட்டுப் பத்திரம் எழுதி, அதை அமல்படுத்தும் உரிமையை மட்டும் அறக்கட்டளையிடம் கொடுத்துவிடுவது. 1969 முதல் இதற்கு மாநிலச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிலம் யார் கைக்குப் போனாலும் கட்டுப்பாடு கூடவே போகும். நம் பிள்ளைகளையும் அது கட்டும். நம்மூர்க்காரர்கள் பாஷையில் சொன்னால், நாமே விரும்பி ஏற்றிவைக்கும் நிரந்தர வில்லங்கம்.

2017 ஏப்ரலில் அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண்மணி முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். ஓடையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ ஒரு கற்சுவருக்குப் பின்னால், நாங்கள் ‘சகதிக்குழி’ என்று ஒதுக்கிவைத்திருந்த இடத்தில் போய் நின்றுவிட்டார். பனி உருகி நிறைந்து, கோடையில் வற்றிவிடும் குட்டை அது. வற்றுவதால் மீன் தங்காது. மீன் இல்லாததால், பல்லி வடிவில் இருக்கும் புள்ளிச் சாலமாண்டரும் காட்டுத் தவளையும் அங்கே வந்து முட்டையிடுகின்றன. நீருக்குள் முறிந்து கிடந்த ஒரு கிளையைக் காட்டினார். அதைச் சுற்றி, நுங்கை உடைத்து ஒட்டவைத்ததுபோல் ஒரு வழவழப்பான கட்டி. உற்றுப் பார்த்தால் உள்ளே கடுகு கடுகாகக் கருமையாக முட்டைகள். எட்டு வருடங்களாக அதன் பக்கத்திலேயே விறகு அடுக்கியிருக்கிறோம்.

அந்தக் கட்டிகளைப் படமெடுத்து, இடத்தை வரைபடத்தில் குறித்து மாநிலத்தின் இயற்கை மரபுப் பிரிவுக்கு அனுப்பினால் குட்டைக்குச் சான்று கிடைக்கும் என்றார். அதை நானும் மகளும் சேர்ந்து செய்தோம். முழு நடைமுறையிலும் எரிச்சல் தராத ஒரே படிவம் அதுதான்.

பத்திர வரைவுக்கு வருகிறேன். நிலத்தை விட்டுக்கொடுக்கும் மனம் வருவதுதான் கஷ்டம் என்று பலரும் சொல்வார்கள். எங்களுக்கு எதை விட்டுக்கொடுக்கப்போவதில்லை என்று எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. விறகு வெட்டுவீர்களா? எத்தனை மரம்? எந்தச் சரிவில்? தேனீப்பெட்டி வைப்பீர்களா? சூரிய மின்தகடு? நடைபாதை எத்தனை அடி அகலம்? அதில் வண்டி போகுமா? அப்போது பதினான்கு வயதாகியிருந்த மகள் குறுக்கே வந்து, “மரவீடு கட்டலாமா?” என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எதிரே இருந்த அறக்கட்டளைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். மரவீடும் கட்டுமானம்தான். கட்டுமானம் கூடாது என்று எழுதிவிட்டால் அதுவும் கூடாது. ஆனால் வெறுமனே ‘மரவீடு கட்டலாம்’ என்று எழுதினால், ஐம்பது வருடம் கழித்து ஒருவர் கழிப்பறையும் கணப்பும் வைத்த மூன்று படுக்கையறை மரவீடு கட்டுவார். கடைசியில் அதற்கென ஒரு ஷரத்து சேர்ந்தது: இத்தனை சதுர அடிக்கு மேல் கூடாது, மின்சாரமும் குழாயும் கூடாது, குட்டையிலிருந்து 100 அடிக்குள் கூடாது. எங்கள் பத்திரத்தில் மிகக் கவனமாக எழுதப்பட்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

கணவரின் தயக்கம் வேறு. மகள் நாளைக்கு இங்கேயே வீடு கட்ட விரும்பினால்? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, நான்தான் அதை ஏற்க மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டேன். முடிவில், இருக்கும் வீட்டையும் அதையொட்டிச் சாலைப்பக்கம் நான்கு ஏக்கரையும் கட்டுப்பாட்டுக்கு வெளியே விட்டோம். இதைச் சொன்னால் அறக்கட்டளைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்திருந்தேன். அவர்களோ, வருத்தத்தோடு கையெழுத்திடும் குடும்பம்தான் பின்னால் வழக்குக்குப் போகிறது என்று சொல்லி வரைபடத்தில் கோட்டை நகர்த்திவிட்டார்கள்.

அடுத்தது வங்கி. வீட்டுக்கடன் பாக்கி இருந்தது. கடன் பத்திரம் முன்னதாகப் பதிவானது. நாங்கள் தவணை தவறி வங்கி நிலத்தை ஏலம் விட்டால், பின்னால் வந்த கட்டுப்பாடு காணாமல் போய்விடும். அதனால் தன் அடமான உரிமை இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால்தான் என்று வங்கி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத் தாள் அது. ஏழு மாதம் ஆனது. ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதியவர் ஒருவர் முதலிலிருந்து கதை கேட்பார். ஒருவர் நான் கடனை அடைக்கப்போகிறேன் என்று புரிந்துகொண்டு வாழ்த்தே சொன்னார்.

இந்தத் தாமதத்தில் ஒரு செலவு ஒளிந்திருந்தது. கூட்டரசு வரிச்சலுகை வேண்டுமென்றால், கட்டுப்பாட்டுக்கு முன் நிலத்தின் மதிப்பு என்ன, பின் என்ன என்று தகுதியுள்ள மதிப்பீட்டாளர் அறிக்கை தர வேண்டும். அந்த மதிப்பீடு, கொடையளிக்கும் நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பே செய்யப்பட்டதாக இருந்தால் செல்லாது. நாங்கள் சுறுசுறுப்பாக முதலிலேயே செய்துவைத்திருந்தோம். வங்கிக்காகக் காத்திருந்ததில் அது காலாவதியாகி, இரண்டாம் முறை பணம் கட்டினோம். யாராவது இதில் இறங்கினால் வங்கிக் கடிதம் கைக்கு வரும்வரை மதிப்பீட்டாளரைக் கூப்பிடாதீர்கள்.

பணத்தைப் பற்றி எல்லோரும் கேட்பதால்: மதிப்புக் குறைவை நன்கொடையாகக் காட்டலாம். வருட வருமானத்தில் பாதி வரை கழிக்கலாம், மீதியை 15 வருடங்களுக்குக் கொண்டுபோகலாம். மாநிலம் தனியாக, மதிப்பில் பாதி, அதிகபட்சம் 75,000 டாலர் வரிவரவு, அதாவது வரிக்கணக்கில் நேரடியாக வரவு வைக்கும் தொகை, தருகிறது, ஆனால் அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். மறுபக்கம் சர்வேயர், வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் செலவு. அதோடு, இனிவரும் காலமெல்லாம் நிலத்தைக் கண்காணிப்பதற்கான நிதிக்கு அறக்கட்டளை ஒரு தொகை கேட்டது. கொடையும் கொடுத்துக் காசும் கொடுப்பதா என்று அப்பா கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

வங்கிக் கடிதம் வந்த பிறகு ஊர் நிர்வாகக் குழு, மாநில எரிசக்தி, சுற்றுச்சூழல் துறைச் செயலாளர் என்று கையெழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. இடையில் ஒரு வாரம் நிலத்தின் இன்றைய நிலை பற்றிய ஆவணத்துக்காக அளந்தார்கள்: 41 இடங்களில் நின்று, திசைகாட்டி வைத்து, எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று குறித்து, படங்கள். 2018 டிசம்பரில் பதிவு அலுவலகத்தில் பத்திரம் பதிவானது. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. நாங்கள் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

வருடத்துக்கு ஒருமுறை அறக்கட்டளையிலிருந்து ஓர் இளைஞர் வந்து எல்லையை நடந்து பார்ப்பார். முதல் இரண்டு வருடமும் மரியாதையான கடிதம் வந்தது, எல்லாம் சரி என்று. 2021 கடிதத்தில் ஒரு படம் இணைத்திருந்தார்கள். 17ஆம் எண் இடம், தெற்கு நோக்கி. குட்டைக் கரையில் இடுப்பளவுக்கு வெட்டிய புல்லும் காய்ந்த கிளைகளும் குவிந்திருந்தன. கோபமாகக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து மனைக்காரர்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். கணவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அது என் தள்ளுவண்டித் தடம்” என்றார்.

பத்திரத்தில் ஒன்பதாம் பக்கம், குப்பை என்ற வரையறையில் வெட்டிய புல்லும் அடக்கம். நாங்களே வரி வரியாகப் படித்துக் கையெழுத்திட்ட பக்கம். 30 நாட்களுக்குள் அகற்றித் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் பதினாறு நடை தள்ளினோம். கண்காணிப்பு நிதிக்குக் கொடுத்த காசு எங்களையே கண்காணிக்கத்தான் என்று மகள் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுவாரம் அந்த இளைஞர் திரும்ப வந்து, அதே பாறைமேல் ஏறி, திசைகாட்டியைப் பார்த்து, தெற்கு நோக்கி ஒரு படம் எடுத்தார். சட்டகத்துக்குள் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி நிற்கும்படி கைகாட்டிவிட்டு, இன்னொன்று எடுத்தார்.