அறைக்குள் ஆள் இருக்கா இல்லையா: உப்புவெளியில் எங்கள் ஹோட்டலை 'ஸ்மார்ட்' ஆக்கிய கதை

2023 பெப்ரவரியில் இலங்கையில் கரண்ட் கட்டணம் ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் ஏற்றியிருந்தார்கள், அந்தக் காயம் ஆற முதல் மறுபடி 66 வீதம். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் கடற்கரையோடு 14 அறை வைத்து நடத்துகிறோம். அந்த வருஷ சீசனில் வந்த பில்லைப் பார்த்துவிட்டு, அதை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு நான் இரண்டு நாள் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. முதலாளி என் மாமாதான், கனடாவில் இருக்கிறார். "மருமகன், இப்ப வெள்ளைக்காரர் எல்லாம் கிரீன் ஹோட்டல்தான் தேடுறாங்கள், நாங்களும் ஸ்மார்ட் ஆக்குவம்" என்றார். அவருக்கு வேண்டியது புக்கிங் தளத்தில் ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் வருகிற பச்சை இலை. (2024 இல் அந்தத் தளம் அந்த இலையையே எடுத்துவிட்டது, மாமாவுக்கு அதில் இன்னும் மனவருத்தம்.) எனக்கு வேண்டியது பில் குறைவது. சரி, இரண்டுக்கும் வழி ஒன்றுதானே என்று தொடங்கினோம்.

முதலில் வந்தது கொழும்பிலிருந்து ஒரு கம்பனி. பெரிய டப்லெட்டில் எல்லாம் காட்டினார்கள். அறைக்கு இவ்வளவு என்று ஒரு விலை, அதற்கு மேல் அறைக்கு மாதாமாதம் டொலரில் ஒரு கட்டணம். எல்லாக் கட்டளையும் வெளிநாட்டில் இருக்கிற சேர்வருக்குப் போய்த்தான் திரும்பி வரும். நெட் போனால் என்ன செய்வது என்று கேட்டேன், "போகாது சேர்" என்றார். அலஸ்தோட்டப் பக்கம் யாராவது தண்ணிப் பைப்புக்குக் குழி வெட்டினால் எங்களுக்கு இரண்டு நாள் நெட் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்.

இருந்தாலும் இரண்டு அறைக்குப் பரீட்சார்த்தமாகப் போடச் சொன்னோம். சீலிங்கில் ஒரு அசைவு சென்சர், 20 நிமிஷம் அசைவு இல்லையென்றால் ஏசியை நிறுத்திவிடும். கோணேசர் கோயிலுக்கு வந்த மட்டக்களப்புக் குடும்பம் ஒன்று அந்த அறையில் தங்கியது. நடுச்சாமம் 2 மணிக்கு ரிசப்ஷன் கதவைத் தட்டினார் அந்த ஐயா. வேர்வையில் பெனியன் நனைந்திருக்கிறது. "தம்பி, உங்கட ஏசிக்கு நான் விடிய விடிய எழும்பி ஆடோணுமா?" என்று கேட்டார். போர்த்திக்கொண்டு அசையாமல் தூங்குகிற மனிதனும் காலி அறையும் அந்தச் சென்சருக்கு ஒன்றுதான். அடுத்த நாள் அந்தக் குடும்பத்துக்குக் காசு வாங்கவில்லை. கம்பனிக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்தோம், அதாவது ஒன்றையும் வாங்காமல் முதலில் அளந்து பார்த்தோம். சாம்பல்தீவில் ஒரு தம்பி வயரிங் வேலை செய்கிறவர், சென்சர்கள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் ஸிக்பீ, அவற்றை ஆட்டிவைக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் என்று இந்த விஷயங்களைத் தானாகவே படித்து வைத்திருந்தார். கரண்ட் பிரிகிற டிபி போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் கரண்டை அளக்கிற கிளாம்ப் மாட்டி, ராஸ்பெரி பை என்கிற ஒரு குட்டிக் கணினியில் கணக்கை ஏற்றினார். மழைக்காலம் வருவதற்குள் ஒரு மாதம் ஓடவிட்டோம்.

எங்கள் அறைகளில் பழைய காலத்து கார்ட் சுவிட்ச் இருக்கிறது, திறப்போடு தொங்குகிற அட்டையைச் செருகினால்தான் ஏசிக்குக் கரண்ட். அதனால் அறையில் ஆள் இல்லாதபோது ஏசி ஓடாது என்று நான் நிம்மதியாக இருந்தேன். கிராப்பில் பார்த்தால் காலை 8 மணிக்கு நிலாவெளியில் போட் பிடித்து புறாமலைத் தீவுக்குப் போன ஆக்களின் அறையில் மத்தியானம் 2 மணி வரை ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. போய்ப் பார்த்தேன். அந்த ஓட்டைக்குள் தேயிலைப் பெட்டி மட்டையைக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டிச் செருகியிருக்கிறது. அந்த மட்டையை வெட்டியது கெஸ்ட் இல்லை, எங்கள் ரூம் பையன்! "திரும்பி வரேக்க அறை கூலா இருந்தா டிப்ஸ் கூடத் தருவினம் அண்ணா" என்றான். 14 அறையில் 9 அறைக்கு அவன் மட்டை வெட்டி வைத்திருந்தான். அவனைப் பேசவும் மனம் வரவில்லை. அவன் கணக்கு அவனுக்குச் சரிதானே, 12,000 பிடியூ ஏசி அரை நாள் சும்மா ஓடி ஐந்தாறு யூனிட் போவது அவன் பையிலிருந்து இல்லையே.

பிறகு செய்தது இதுதான். அறைக் கதவில் ஒரு காந்தச் சென்சர், பல்கனிக் கதவில் ஒன்று, சீலிங்கில் அசைவு சென்சர். கதவு திறந்து மூடியபின் உள்ளே ஒரு அசைவு தெரிந்தால் போதும், அடுத்த முறை கதவு திறக்கும் வரைக்கும் அறையில் ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள், அவர் ஆறு மணித்தியாலம் பிணம் மாதிரிக் கிடந்து தூங்கினாலும் பரவாயில்லை. கதவு மூடி 15 நிமிஷமாகியும் அசைவே இல்லையென்றால் அறை காலி. இதிலும் ஒரு ஓட்டை உண்டு: புருஷன் வெளியே போக, மனுசி தூங்கிக்கொண்டிருந்தால்? அதற்காக நிறுத்தாமல் 28 பாகைக்கு ஏற்றி மட்டும் விடுகிறோம். காலி அறை புழுங்காது, தூங்குகிற ஆளும் வேர்த்து எழும்பமாட்டார். பல்கனிக் கதவு திறந்திருந்தால் மட்டும் மூன்று நிமிஷத்தில் ஏசி நிற்கும். அதைக் கதவிலேயே மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறோம், சொல்லாமல் செய்தால் பழுது என்று நினைப்பார்கள்.

ஏசிக்குக் கட்டளை போவது ரிமோட் மாதிரி இன்ஃப்ராரெட்டில். அது ஒருவழிப் பாதை, கெஸ்ட் கையில் உள்ள ரிமோட்டால் மாற்றினால் நமக்குத் தெரியாது. கிளாம்ப் மீட்டர் இருந்தபடியால் ஏசி உண்மையில் ஓடுகிறதா நிற்கிறதா என்று கரண்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கிளாம்பைக் கழற்றிவிடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போனது. இன்னொன்று, செக்-இன்னுக்கு முன் ஏசியை 18 இல் போட்டுவைக்கும் பழக்கத்தை நிறுத்த ஒரு மாதம் பிடித்தது. எங்களிடம் இருப்பது மாதிரியான சாதாரண ஏசி 18 இல் வைத்தாலும் 25 இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிராக்கும், 18 என்றால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

வைஃபையும் ஸிக்பீயும் ஒரே 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இருப்பதால் கடைசி நான்கு அறைகளின் சென்சர் அடிக்கடி காணாமல் போனது. ஸிக்பீயைச் சனல் 25க்கு மாற்றி, நடுவில் இரண்டு ஸ்மார்ட் பிளக் போட்டதும் சரி. பட்டரியில் ஓடுகிற சென்சர் பக்கத்துச் சென்சரின் செய்தியைக் கடத்தாது, பிளக் கடத்தும்.

கடற்காற்றைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. கச்சான் காற்று தாண்டி வாடைக்காற்று தொடங்கி மூன்றே மாதத்தில் பல்கனிப் பக்கச் சென்சர்களின் ஆணி துருப்பிடித்து, பட்டரித் தகடு பச்சை பூத்துவிட்டது. ஹவுஸ்கீப்பிங் அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தன் நெயில் பொலிஷைக் கொண்டுவந்து தந்தார். "என்ர கவரிங் சங்கிலிக்கு இதைத்தான் பூசுறனான்." பட்டரி தொடும் இடத்தை விட்டுவிட்டு சர்க்கியூட்டில் மெல்லியதாகப் பூசினோம். பூசியதில் ஒன்றுகூட இன்னும் பழுதாகவில்லை. ஒக்டோபர் இடியில் ராஸ்பெரி பை கருகியது வேறு கதை. ஆனால் அது இல்லாத இரண்டு நாளும் சுவிட்ச், ரிமோட் எல்லாம் வழமைபோல வேலை செய்தன, ஒரு கெஸ்ட்டுக்கும் தெரியவில்லை.

கரண்டை விடத் தண்ணிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. மேல் டாங்கிக்குள் போட்ட, ஒலியை அனுப்பி மட்டம் அளக்கிற அல்ட்ராசோனிக் சென்சர் மூடியில் வேர்த்த நீர்த்துளியைத் தண்ணி மட்டம் என்று நினைத்துப் பைத்தியம் பிடித்ததுபோல அளவு காட்டியது, அதைக் கழற்றிவிட்டு வெளிப் பைப்பில் எவ்வளவு தண்ணி போகிறது என்று எண்ணுகிற பல்ஸ் மீட்டர் போட்டோம். இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், எல்லோரும் தூங்கும் நேரத்தில், மணிக்கு 60 லீட்டர் போய்க்கொண்டிருந்தது. அக்காவும் நானும் ஒவ்வொரு அறையாகப் போய் கொமட் சிஸ்டர்னுக்குள் கொஞ்சம் கேசரிக் கலர் கரைத்து ஊற்றினோம். ஃப்ளஷ் அடிக்காமலே மூன்று கொமட்டில் செம்மஞ்சள் இறங்கியது. மூன்று ரப்பர் வாஷர், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1,400 லீட்டர்.

அந்தத் தண்ணி எங்கள் கிணற்றுத் தண்ணி. இந்தக் கரையில் நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது, கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணி நின்றால் கீழே சுமார் 40 அடி இருக்கும். மறுபக்கமாகச் சொன்னால், மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். பின்னேரம் 5 மணிக்கு எல்லோரும் கடலால் வந்து குளிக்க, டாங்கி இறங்க, மிதவை சுவிட்ச் மோட்டரை இரண்டு மணித்தியாலம் ஒரே இழுவையாக ஓடவிடும். கிணற்றில், உப்பு கூடக் கூட எண் ஏறுகிற கடத்துதிறன் மீட்டர் போட்ட பிறகு பார்த்தால் தொடக்கத்தில் 900 மைக்ரோசீமென்ஸ், முடிவில் 1,600. சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று கெஸ்ட் சொல்வது இதனால்தான் என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது மோட்டர் மணிக்கு 20 நிமிஷம் மட்டும் ஓடும், 1,200 தாண்டினால் தானாக நிற்கும்.

என்ன மிச்சம் என்று மாமா கேட்பார். ரூபாயில் சொன்னால் பொய்யாகிவிடும், 2024 இல் கட்டணமே இரண்டு தடவை குறைந்தது. அதனால் மொத்த யூனிட்டை, ஆள் தங்கிய அறை-இரவுகளால் வகுத்துப் பார்க்கிறேன்: முந்திய சீசன் 19, அடுத்தது 13.

சோலார் ஏன் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு: போடத்தான் போகிறோம். ஆனால் வெயில் உச்சியில் நிற்கும்போது எங்கள் ஆக்கள் கடலில் நிற்பார்கள், ஏசி ஓடுவது இரவில். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் தேவை குறைந்து, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி நாடு முழுக்கக் கேட்கவேண்டி வந்தது. இரவுக்கு இன்னும் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம்தான் பெரிய துணை. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரிலும் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்து 2016 இல் கைவிட்டார்கள், 2025 இல் அங்கே 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். எங்கள் கூரையில் வருகிறபோது வரட்டும்.

இதை எழுதுவது மழைக்காலத்தில். 14 அறையும் காலி. ஆனாலும் கிராப்பில் இரவு முழுக்க 700 வாட் கோடு கீழே இறங்காமல் நிற்கிறது. குசினி ஃப்ரீசர், கமரா, ரூட்டர் எல்லாம் கழித்தாலும் 400 பக்கம் மிஞ்சியது. இன்று பின்னேரம் போய்ப் பார்த்தேன்: ஒவ்வொரு அறையிலும் குட்டி ஃபிரிட்ஜ் ஓடுகிறது, உள்ளே இரண்டு தண்ணிப் போத்தல். நாளைக் காலை அக்காவோடு போய் 14 பிளக்கையும் கழற்றி, பூஞ்சணம் பிடிக்காமல் கதவுக்கு இடையில் எதையாவது கொடுத்துத் திறந்து வைக்க வேண்டும். அந்தத் தேயிலைப் பெட்டி மட்டைகளை இன்னும் எறியவில்லை, அதுவே அளவாக இருக்கும்.