இருட்டுப் பிரிண்டுக்குத்தான் பிளீச் பிடிக்கும்

கறுப்பு வெள்ளை டார்க் ரூமில் பிளீச் என்றால் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. படிகம் சிவப்பு, தண்ணீரில் கரைத்தால் மஞ்சள். ஹோவர்ட் ஃபார்மர் அதை ஹைப்போவோடு (படத்தை நிலைநிறுத்தப் போடும் சோடியம் தயோசல்ஃபேட்) சேர்த்துக் காட்டியது 1883இல். ஃபார்மர் ரெட்யூசர் என்ற பெயர் அப்படி வந்தது.

கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் கண்வெள்ளை மங்கலாக விழுந்திருக்கும். ஈரப் பிரிண்டில் பஞ்சு முனையால் லேசாகத் தொடுவோம். ஃபெர்ரிசயனைடு படத்தின் கறுப்பாகத் தெரியும் வெள்ளி உலோகத்தை உப்பாக மாற்றும், ஹைப்போ அதைக் கரைத்துவிடும். வெள்ளி குறைவாக உள்ள வெளிறிய இடம் முதலில் போகும், கறுப்பு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். கண்வெள்ளை பளிச்சென்று வந்தும் கருவிழி கெடாமல் இருப்பது இதனால்தான். துடைத்த பிறகும் மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் என்பதால், வேண்டிய வெளுப்புக்குக் கொஞ்சம் முன்னாடியே அலசிவிட வேண்டும். அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் தன் பிரிண்டுகளில் ஒளியைக் கூட்ட இதே மருந்தைத்தான் எடுத்தார். கை பட்டதே தெரியக் கூடாது, அதுதான் அந்த வேலையின் கெட்டிக்காரத்தனம்.

கலர் லேபுக்கு வந்ததும் எனக்கு நேர்மாறான ஆசை வந்தது. கழித்துப் போட்ட பிரிண்டுகளை எடுத்துவைத்து, துணிக்குப் போடும் திரவ பிளீச்சைத் தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் தடவிப் பார்த்தேன். இது சோடியம் ஹைப்போகுளோரைட். சாயத்தையும், அதைத் தாளில் பிடித்துவைத்திருக்கும் ஜெலட்டின் பூச்சையும் சேர்த்தே அரிக்கும். கலர் தாளில் சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன: மேலே சயான், நடுவில் மெஜந்தா, அடியில் மஞ்சள். மேலிருந்து அரிப்பதால் கறுப்புத் தலைமுடி முதலில் சிவக்கும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வெறும் தாள். வெள்ளைச் சட்டையில் ஒன்றும் நடக்காது. இழக்க அதில் சாயமே இல்லையே!

அதனால் வெயிலில் எடுத்த பளிச்சென்ற கடற்கரைப் படம் இதற்கு உதவாது. இரவுத் தெரு, மரநிழல், 'ரொம்ப டார்க்' என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த பிரிண்ட், இவைதான் நல்ல சரக்கு. முகத்தை அரிக்கவிட்டு 'ஆர்ட்' என்று சொல்வது இப்போது ஒரு ஃபேஷன். எனக்கு அதில் ருசி இல்லை. முகத்தைச் சுற்றியுள்ள இருட்டு எரிந்து சிவக்கும்போது படம் தானாகவே வேறாகிறது.

கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசல்), வினிகர் மாதிரி அமிலம் எதுவும் பக்கத்தில் வேண்டாம். பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு வரும். அரிப்பை நிறுத்த வெறும் தண்ணீரில் அலசினால் போதும். ஊறிய ஜெலட்டின் வழவழவென்று நகரும், விரல் படாமல் காயவிட்டு உடனே ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது.

இன்னொன்று. பல ஸ்டுடியோக்களில் இப்போது இங்க்ஜெட்தான். அதில் இந்தச் சாய அடுக்கு கிடையாது, சிவப்பும் ஆரஞ்சும் இந்த வரிசையில் வராது. ஆர்டர் கொடுக்கும்போதே, கெமிக்கலில் கழுவும் தாளா என்று கேட்டுவிடுங்கள்.