டோகோ நின்ற இடம்

ஜப்பானின் யோகோசுகாவில் ரயிலை விட்டு இறங்கிக் கடல் பக்கமாகக் கால்மணி நேரம் நடந்தால் மிகாசா பூங்கா. வாசலில் அட்மிரல் டோகோ ஹெய்ஹாசிரோவின் சிலை, அதற்குப் பின்னால் அவருடைய கொடிக்கப்பல், அதாவது தளபதி ஏறிநின்று படையை நடத்தும் கப்பல், மிகாசா. இங்கிலாந்தில் கட்டி 1902-இல் ஜப்பான் கடற்படைக்கு வந்த கப்பல் இது, இப்போது மிதக்கவில்லை, அடிப்பாகத்தைக் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

நான் நேராக மேல்தளத்துக்குத்தான் போனேன். செங்குத்தான படி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மேலே போனால் சின்ன இடம், நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது, குண்டு வந்தால் தடுக்க ஒன்றுமே இல்லை. 1905 மே 27 அன்று, ரஷ்யாவோடு சுஷிமா கடற்சண்டை நடந்தபோது, யார் யார் எங்கே நின்றார்கள் என்று தரையிலேயே குறித்திருக்கிறார்கள். டோகோவின் இடத்துக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். கவச அறைக்குள் வரச் சொல்லிக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. ரஷ்யக் கப்பல்கள் சுமார் 8,000 மீட்டர் தூரத்தில் வரும்போது தன் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே புள்ளியில் இடப்பக்கம் திருப்பினார், அந்தப் புள்ளியைக் குறிவைத்துச் சுட்டால் போதும் என்ற ஆபத்து தெரிந்தேதான். முதலில் திரும்பியது மிகாசா. அன்றைக்கு அதன்மேல் முப்பதுக்கும் அதிகமான குண்டுகள் விழுந்தன.

1863-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் ககோஷிமாவைத் தாக்கியபோது டோகோவுக்குப் பதினைந்து வயது, ஊரைக் காக்க நின்றவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் அதே பிரிட்டனுக்குப் போய் 1871 முதல் 1878 வரை கப்பல் தொழில் கற்றார். 1903-இல் மைஸுரு என்ற ஒதுக்குப்புறமான ஜப்பானியக் கடற்படைத் தளத்தில் இருந்தவரை, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய நேரத்தில், ஜப்பானின் ஒருங்கிணைந்த கப்பற்படைக்குத் தளபதியாக்கினார்கள். அதிர்ஷ்டக்காரர் என்பதால் தேர்ந்தெடுத்தேன் என்று கடற்படை அமைச்சர் பேரரசரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. எனக்கு அது பத்தவில்லை. எதிரி வந்து சேரும்வரை கொரியக் கரையில் மாதக்கணக்காகப் பீரங்கிப் பயிற்சி கொடுத்துக்கொண்டே காத்திருந்தாரே, அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஜெயித்த பிறகு, காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த ரஷ்யத் தளபதி ரோஜெஸ்ட்வென்ஸ்கியை நேரில் போய்ப் பார்த்து ஆறுதல் சொன்னதையும்.

சுஷிமா சண்டையில் ஜப்பான் பக்கம் இறந்தவர்கள் 117 பேர். அதே வருஷம் செப்டம்பரில், போர் முடிந்த பிறகு, சசெபோ துறைமுகத்தில் நின்ற இந்த மிகாசாவில் வெடிமருந்து வெடித்து, அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் மாலுமிகள் செத்துப்போனார்கள். டோகோ அன்று கப்பலில் இல்லை. கீழ்த்தளத்தில் மாலுமிகள் தூங்கத் தொங்கவிடும் தூளிகளைப் பார்த்தபோது அந்த எண்ணிக்கைதான் மனசில் வந்து நின்றது, அங்கிருந்து உடனே நகர முடியவில்லை.