பிரசவ விடுப்பில் வேலை போனது: தொழிலாளர் துறையில் நான் பார்த்தது

மதுரையில் ஒரு வாகன விற்பனை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். 2018 கடைசியில், பிரசவ விடுப்பில் இருக்கும்போதே, "இனிமே வர வேண்டாம், உங்க இடத்துக்கு ஆள் போட்டாச்சு" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. விடுப்புச் சம்பளமும் நின்றுபோனது. என் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியிருந்ததால் எனக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டப்படி முதலாளிதான் 26 வாரச் சம்பளம் தர வேண்டியிருந்தது. விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்குவதே சட்டவிரோதம் என்றது அதன் 12-ஆவது பிரிவு.

சட்டத்தில் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் முதலாளிக்கு அரசியலில் பெரிய பெரிய ஆட்களோடு நெருக்கம். "எங்க வேணா போய் எழுதிக் கொடும்மா" என்று மேலாளர் சொன்னது அந்தத் தைரியத்தில்தான்.

தெரிந்த அக்கா ஒருவர் தொழிற்சங்க அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த தோழர் முழுக்கக் கேட்டுவிட்டு, "யார்கிட்டயும் வாய் வார்த்தையா பேசாதீங்கம்மா, எல்லாம் தாள்ல இருக்கணும்" என்றார். பணி நியமனக் கடிதம், சம்பளம் வரவான வரிகளில் மஞ்சள் கோடு போட்ட வங்கிக் கணக்குத் தாள்கள், அலுவலக முத்திரையோடு இருந்த என் விடுப்புக் கடிதத்தின் நகல், பிரசவத் தேதி எழுதிய மருத்துவமனைச் சீட்டு, அந்த வாட்ஸ்அப் செய்தியின் பிரிண்ட் எல்லாவற்றையும் கோத்து, அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு மனு எழுதினோம். தபால் பிரிவில் என் நகலிலும் தேதி முத்திரை வாங்கும்வரை தோழர் நகரவில்லை. பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த முத்திரைதான்.

ஆய்வாளர் நோட்டீஸ் அனுப்பினார். முதல் வாய்தாவுக்கு நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. அடுத்ததற்கு வந்த வக்கீல், நானே ராஜினாமா செய்துவிட்டதாகச் சொன்னார். "கடிதத்தைக் காட்டுங்க சார்" என்று ஆய்வாளர் கேட்டார். காட்ட எதுவும் இல்லை. அதை அவர் தன் கையாலேயே கோப்பில் எழுதினார். வழக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அவர் பேச்சு மாறியது. "மேலேர்ந்து கேக்குறாங்கம்மா, ரெண்டு மாசச் சம்பளம் வாங்கித் தர்றேன், சமாதானமாப் போயிடலாமா?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார். நான் மறுத்தேன். கொஞ்ச நாளில் அவருக்கு மாறுதல் வந்தது. புதிதாக வந்தவர் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்றார். அதற்குள் தேர்தல் வேலை வந்து அலுவலகமே காலியானது. 2019 ஏப்ரல் 18 அன்று சித்திரைத் தேரோட்டமும் வாக்குப்பதிவும் ஒரே நாளில் வந்து, மதுரையில் இரவு 8 மணிவரை ஓட்டுப் போட நேரம் கொடுத்தார்களே, அந்தச் சமயம்.

அப்போதுதான் தோழர் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆவது உடன்படிக்கையைக் காட்டினார். 1947-இல் வந்தது, இந்தியா 1949-லேயே ஏற்றுக்கொண்டது. ஆய்வாளர்களின் வேலைக்கு உத்தரவாதம் இருக்க வேண்டும், ஆட்சி மாற்றமும் வெளியார் தலையீடும் அவர்களைத் தொடக் கூடாது என்கிறது அதன் 6-ஆவது பிரிவு. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஆய்வாளர் கெட்டவர் இல்லை. எனக்கு உரிமை கொடுத்த சட்டம், அதை வாங்கித் தர வேண்டியவரை நிராயுதபாணியாக நிறுத்தியிருந்தது.

தேர்தல் முடிந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். கோப்பு எந்த நிலையில் இருக்கிறது, விசாரணைக் குறிப்புகளின் நகல், அடுத்த வாய்தா எப்போது, இவ்வளவுதான் கேட்டேன். பதில் தர 30 நாள் கெடு. பழையவர் எழுதிவைத்த குறிப்பு நகலாக என் கைக்கு வந்த பிறகு, முதலிலிருந்து தொடங்கும் பேச்சே எழவில்லை.

26 வாரச் சம்பளம், மருத்துவ போனஸ் 3,500 ரூபாய், மீண்டும் வேலை என்று உத்தரவு வந்தது. மேல்முறையீடு செய்ய நிறுவனத்துக்கு 30 நாள் இருந்தது, செய்யவில்லை. பணம் கட்டாவிட்டால் நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கச் சட்டத்தில் வழி இருப்பதை அவர்கள் வக்கீல் எடுத்துச் சொல்லியிருப்பார். பணம் வங்கிக் கணக்கில் வந்தது. வேலைக்கு நான் திரும்பவில்லை, அதற்குள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன்.

2025 நவம்பர் 21 முதல் மகப்பேறு நலச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டம் வந்திருக்கிறது. 26 வாரமும், பணம் தரச் சொல்லும் ஆய்வாளரின் அதிகாரமும் அதில் தொடர்கின்றன. விசாரணை முடியும்வரை ஆய்வாளரை மாற்றக் கூடாது என்ற பாதுகாப்பு மட்டும் அதிலும் இல்லை. அதைக் கேட்டும், சிபாரிசு சொல்லி வரும் ஒவ்வொரு போனையும் கோப்பில் பதிய வேண்டும் என்று கேட்டும், சங்கத்தின் வழியாக மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.