தீர்வை இல்லாத சட்டை

சர்வதேச உறவுகள் படிப்பிக்கிற ஆளுக்கு ஆடைத் தொழிற்சாலையில் என்ன வேலை என்று பலர் கேட்டிருக்கிறார்கள், என் துறையிலேயே சிலர் கொஞ்சம் நக்கலாகவும் கேட்டார்கள். என்னுடைய ஆய்வு ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்குக் கொடுக்கிற ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை பற்றியது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி என்று 27 சர்வதேச சமவாயங்களை, அதாவது நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கைகளை, ஒழுங்காக நடைமுறைப்படுத்தினால் ஐரோப்பாவுக்குப் போகிற உடுப்புகளுக்குத் தீர்வை, அதாவது இறக்குமதி வரி, கிடையாது. உலகமயமாதல் பற்றி வகுப்பில் பேச இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

2010 ஆகஸ்டில் அந்தச் சலுகை இடைநிறுத்தப்பட்டது. குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடுப்பு, சிறுவர் உரிமைகள் ஆகிய மூன்று சமவாயங்களும் இங்கே சரியாக நடைமுறையாகவில்லை என்பது ஒன்றியம் சொன்ன காரணம். நாட்டுக்கு எதிரான சதி என்று ஒரு பக்கம், இனி அரசாங்கம் வழிக்கு வரும் என்று இன்னொரு பக்கம், ஆனால் ஆடைத் தொழில் படுத்துவிடும் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. 2011இல் ஆடை ஏற்றுமதி வருமானம் கூடியது! (அந்த வருஷம் பருத்தி விலை உலகம் முழுக்க எகிறியிருந்தது, அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.)

நான் படித்த கோட்பாடுகள் இதற்கு உதவவில்லை. பொருள் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கிற, வாசிக்கவே அலுப்புத் தட்டுகிற விதிகளில்தான் விடையின் ஒரு பகுதி கிடந்தது. சட்டைக்குச் சலுகை வேண்டுமென்றால் தைத்தால் மட்டும் போதாது, துணியையும் இங்கேயே நெய்திருக்க வேண்டும், சீனத் துணியை இறக்கித் தைத்தால் தீர்வை கட்டியே ஆகவேண்டும். பின்னல் ஆடைக்காரருக்கு இது அவ்வளவு சிக்கல் இல்லை, துணியை இங்கேயே பின்னிவிடுகிறார்கள். பங்களாதேஷ் போன்ற குறைவிருத்தி நாடுகளுக்கு 2011இலிருந்து இந்த நிபந்தனை தளர்ந்துவிட்டது, அதே சீனத் துணியை அங்கே தைத்தால் தீர்வை இல்லை. ஆக, சலுகை கையில் இருந்த காலத்திலேயே நம்மவர்கள் அதை முழுதாகப் பயன்படுத்தவில்லை, அதனால் அது போனபோது விழுந்த அடியும் பயந்த அளவுக்கு இல்லை. மேடைகளில் இதைச் சொன்ன அரசியல்வாதியை நான் கண்டதில்லை.

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துப் போர்டிங்குகளில் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பிள்ளைகளோடு பேசும்போது சமவாயம் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள், அவர்களுடைய பேச்சு டார்கெட், ஓ.டி., லீவு எடுத்தால் வெட்டுகிற காசு என்று போகும். அந்தச் சமவாயங்களில் எட்டு தங்களைப் போன்ற தொழிலாளரைப் பற்றியவை, சங்கம் அமைக்கிற உரிமை உட்பட, என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. 2017 மேயில் சலுகை திரும்பி வந்தபோது கொழும்பில் அதை வெற்றியாகக் கொண்டாடினார்கள், இந்தப் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் அதற்கென்று ஒரு வரி வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய ஏற்பாட்டை 2027 முடிவு வரைக்கும்தான் நீடித்தார்கள். அடுத்ததைப் பற்றி எழுதலாம் என்று நிதிக்கு விண்ணப்பித்தேன். இது வர்த்தகமா, அரசியலா, ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்யுங்கள் என்று பதில் வந்தது. அப்புறம் என்ன, அரசியல் என்று குறித்துக் கொடுத்துவிட்டு மறுபடி துணி விதிகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.