கிண்டில் கனமில்லை, பிடிதான் கனம்

மின்னூல் படிக்கும் கிண்டில் கருவிகளில் 2021-இல் வந்த பேப்பர்ஒயிட் 205 கிராம். நாலு முட்டை எடை. அதைப் பிடித்து ஒரு மணி நேரம் படித்தால் கட்டைவிரலின் அடியில் ஏன் வலிக்க வேண்டும்? ஓரத்தைக் கிள்ளிப் பிடிப்பதால்தான். கருவி 17.4 செ.மீ. உயரம், 12.5 செ.மீ. அகலம். கீழ் மூலையைக் கவ்வினால் எடையின் நடுப்புள்ளி விரலிலிருந்து 10 செ.மீ. தள்ளி அந்தரத்தில் நிற்கும். பக்கவாட்டின் நடுவில் பிடித்தால் அதே தூரம் 6 செ.மீ. மணிக்கட்டை முறுக்கும் விசை பாதிக்குக் கிட்ட குறைந்துவிடும்.

அடுத்த எதிரி, மூடி வைத்த மடிப்பு உறை. பலசரக்குக் கடைத் தராசில் உறையோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். பையில் போகும்போது உறை இருக்கட்டும், வீட்டில் கழற்றிவிடலாம்.

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் திண்ணைகளில் கிடக்கும் சாருகசேர, அதாவது சாய்வு நாற்காலி, படிப்பதற்கென்றே செய்த மாதிரி இருக்கும், ஆனால் அதில் ஒரு கோளாறு உண்டு. நாற்காலியின் கைகள் நீளம், அவற்றின் இடைவெளியும் அதிகம். முழங்கைகளை இரண்டு பக்கமும் வைத்தால் தோள் விரிந்து, கருவியைப் பிடிக்க மணிக்கட்டு உள்நோக்கி வளையும். மடியில் ஒரு தலையணை போட்டு முழங்கைகளை அதன்மேல் வையுங்கள். ஒரு தோர்த்தை (மெல்லிய பருத்தித் துண்டு) இறுக்கிச் சுருட்டித் தலையணைமேல் குறுக்கே வைத்து, கருவியின் கீழ் விளிம்பை அதில் ஊன்றுங்கள். பருத்தி வழுக்காது. பாரம் தோர்த்துக்குப் போய்விடும், விரலுக்குச் சாயாமல் பார்க்கும் வேலை மட்டும். இன்னொரு தோர்த்து பிடரிக்கு. (பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தாள் படபடக்கும் தொல்லை இதில் இல்லை என்பது தனி லாபம்.)

எழுத்தின் அளவுக்கும் கை வலிக்கும் சம்பந்தம் உண்டு. தமிழில் புள்ளியும், இ-ஈ கொக்கிகளும் சின்ன எழுத்தில் தெளியாது. கண் தானாகக் கருவியைக் கிட்டே இழுக்கும், முழங்கை அதிகமாக மடங்கும், அப்படியே வெகுநேரம் இருந்தால் சுண்டுவிரல் மரத்துப்போகும். எழுத்தை இரண்டு படி கூட்டுங்கள். அடிக்கடி பக்கம் திருப்ப வேண்டிவரும், பரவாயில்லை.

இடக்கையில் பிடிப்பவர்களுக்கு: கிண்டிலில் இடது ஓரத்தைத் தட்டினால் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். அதற்காகக் கட்டைவிரலை நடுத்திரைவரை நீட்டாதீர்கள், வலி அங்கேதான் தொடங்கும். விரலை இருந்த இடத்திலேயே வைத்து வலமிருந்து இடமாகச் சற்றுத் தள்ளினால் போதும், அடுத்த பக்கம் வந்துவிடும்.

பாலக்காடு-கோவை ரயிலில் நின்றுகொண்டு படிக்க, பின்பக்கப் பட்டைக்கு நிகர் எதுவுமில்லை. வளையும் பிளாஸ்டிக் பின்னுறை ஒன்று, தையல் சாமான் கடையில் 25 மி.மீ. அகல எலாஸ்டிக் ஒன்று. உறையின் நடுவில் மேலும் கீழுமாக 9 செ.மீ. இடைவெளியில் இரண்டு கிடைக்கோட்டு வெட்டு. வெட்டின் முனைகளில் சூடான கம்பியால் சின்ன ஓட்டை போடாவிட்டால் ஒரே வாரத்தில் கிழிசல் ஓடும். எலாஸ்டிக்கை 11 செ.மீ. வெட்டி, இரு நுனியையும் உள்ளே விட்டுத் தட்டையாகத் தைக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் கருவி உறையில் சரியாக உட்காராது. நான்கு விரல் நுழைந்து, கட்டைவிரல் சும்மா இருந்தாலும் கருவி விழக்கூடாது. இருபது நிமிடத்துக்குப்பின் தோலில் கோடு விழுந்திருந்தால் இறுக்கம் அதிகம். வியர்வையில் சில மாதத்தில் எலாஸ்டிக் தொய்ந்துபோகும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கைப்பேசிக்கு ஒட்டும் வளையத்தைப் பலர் யோசிப்பார்கள். வைக்கலாம், ஆனால் காந்தம் உள்ளதை வேண்டாம். உறை மூடியிருக்கிறதா என்று காந்தத்தை வைத்தே கருவி அறிகிறது. வளையத்தின் காந்தம் அந்த இடத்துக்கு அருகே வந்தால், படித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடும். காந்தமில்லாததை ஒட்டுவதற்குமுன் கருவியை ஒரு விரலில் நிறுத்திப் பார்த்து, சாயாமல் நிற்கும் புள்ளியைப் பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலும் அது நட்டநடுவில் இருக்காது.

மல்லாந்து படுத்துப் படிப்பது எனக்கு உடன்பாடில்லை. கண் சொக்கினால் மூக்கில் விழும். ஒருக்களித்துப் படுத்து, கருவியை மெத்தையில் நீளவாட்டில் சாய்த்து, எழுத்து அமைப்புகளில் வழக்கமான நெடுநிலையையே விட்டுவைத்தால் கைக்கு வேலையே இல்லை.